கியர் பெட்டிக்குள் திமிங்கலம்!

பழைய காருக்கு எந்த எண்ணெய்?

சிவப்பு எண்ணெய். பார்ப்பதற்கு ரோஜா சர்பத் மாதிரி இருக்கும். விரலில் எடுத்தால் வழுவழு என்று ஓடும்.

அமெரிக்காவில் பழைய கார் வைத்திருப்பவர்களைத் தலையைச் சொறிய வைக்கும் பொருள் இதுதான்!

அங்கே பழைய கார் என்றால் பலருக்கு உயிர். 50, 60 ஆண்டுகளுக்கு முன் செய்த வண்டியைத் தேடிப் பிடித்து வாங்குவார்கள். துருவைச் சுரண்டுவார்கள். பெயிண்டு அடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனைவி, மக்களை ஏற்றிக் கொண்டு ஒரு சுற்றுப் போய் வருவார்கள். தாத்தா ஓட்டிய காரைப் பேரன் ஓட்டும் குடும்பங்களும் உண்டு.

அப்படி ஒருவரிடம் 1966-ம் ஆண்டு செய்த போர்டு மஸ்டாங் கார் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஆட்டோமேட்டிக் வண்டி. அதாவது, கையால் கியர் மாற்ற வேண்டாம். தானே மாறிக் கொள்ளும்.

கியர் பெட்டியில் எண்ணெய் பழசாகி விட்டது. கடைக்குப் போகிறார். அலமாரி நிறைய டப்பாக்கள். எல்லாவற்றிலும் சிவப்பு எண்ணெய்!

"இருப்பதில் புதிதாக வந்தது எது? விலை கூடியது எது?" என்று கேட்கிறார். நல்ல காருக்கு நல்ல எண்ணெய் ஊற்ற வேண்டாமா? வாங்கி வந்து ஊற்றி விடுகிறார்.

வண்டி ஓடுகிறது. முன்பைவிட மெத்தென்று ஓடுவது போலவும் இருக்கிறது. அவருக்குப் பரம சந்தோஷம்.

சில மாதங்கள் போகின்றன. ஒரு நாள் மேட்டில் ஏறும்போது எஞ்சின் 'கர்' என்று உறுமுகிறது. ஆனால் கார் அந்த உறுமலுக்குத் தக்கபடி ஓடவில்லை. கியர் மாறும்போது நடுவில் ஒரு வழுக்கல். எண்ணெயை எடுத்து முகர்ந்து பார்த்தால், தீய்ந்த வாடை!

அவர் ஊற்றியது கெட்ட எண்ணெய் அல்ல. உயர்ந்த எண்ணெய்தான். அந்தக் காருக்கு ஏற்ற எண்ணெய் அல்ல, அவ்வளவுதான்.

எல்லாக் காருக்கும் இப்படி நேர்ந்துவிடும் என்பதில்லை. ஆனால் நேரக்கூடும். நேர்ந்துவிட்டால் கியர் பெட்டியையே கீழே இறக்கிப் பிரிக்க வேண்டும். மிச்சம் பிடித்த சேமிப்பு அதில் கரைந்து போகும்.

வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

எண்ணெயில் அப்படி என்ன இருக்கிறது?

தையல் மெஷினுக்கு எண்ணெய் போடுகிறோம். எதற்கு? உராயாமல் ஓடுவதற்கு. ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியில் எண்ணெய்க்கு அந்த ஒரு வேலை மட்டும் அல்ல.

இரண்டு மின்சார விசிறிகளை எதிர் எதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் சுழல விடுங்கள். அந்தக் காற்று பட்டு, மற்றொன்றும் மெல்லச் சுழலும். ஆட்டோமேட்டிக் காரில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இதே வித்தைதான் நடக்கிறது. காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அது எண்ணெயை வீசி அடிக்கும். அந்த எண்ணெய் எதிரே உள்ள சக்கரத்தைச் சுழற்றும்.

அடுத்த வேலை, கியர் மாற்றுவது. பெட்டிக்குள்ளே கிளட்ச் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தோசைக் கல்லில் பாதி அளவு கூட இராத வட்டத் தகடுகள். எண்ணெய் அழுத்தம் வந்து இவற்றை ஒன்றோடு ஒன்று சேர்த்து நெருக்கும். தகடுகள் பிடித்துக் கொண்டால் கியர் விழுந்தது என்று அர்த்தம்.

இங்கேதான் சங்கடம். அந்தத் தகடுகள் எண்ணெயிலேயே ஊறிக் கிடப்பவை. திருவிழாவில் வழுக்கு மரம் ஏறுகிறவனுக்கு எண்ணெய் தடவிய மரத்தில் பிடி கிடைக்க வேண்டும் அல்லவா? அதே கஷ்டம் இந்தத் தகடுகளுக்கு! சக்கரங்கள் தேயாமல் இருக்க எண்ணெய் வழுக்க வேண்டும். தகடுகள் கூடும்போது அதே எண்ணெய் பிடிக்கவும் வேண்டும்.

எவ்வளவு பிடிக்க வேண்டும்? மெதுவாகவா, சட்டென்றா? இதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டார்கள். பிடியை மட்டுப்படுத்துவதற்கென்றே எண்ணெயில் ஒரு பொருளைச் சேர்ப்பது உண்டு. அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பது ஒரு தனிக் கதை.

டாங்கியில் ஓடிய கியர்

ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியை ஏராளமாகச் செய்து விற்றுக் காட்டிய முதல் கம்பெனி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். அந்தப் பெட்டிக்குப் பெயர் 'ஹைட்ரா-மேட்டிக்'. 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபீல் காரில் வந்தது. ஏர்ல் தாம்ஸன் என்ற என்ஜினீயரின் தலைமையில் உருவானது.

உடனே இரண்டாவது உலக யுத்தம். கார் செய்வது நின்றது. ஆனால் கியர் பெட்டி நிற்கவில்லை. போர்க்களத்துக்குப் போயிற்று! அமெரிக்க ராணுவத்தின் 'ஸ்டூவர்ட் எம்-5' டாங்கியில் இரண்டு காடிலாக் எஞ்சின்களையும் இந்த ஹைட்ரா-மேட்டிக் பெட்டியையும் பொருத்தினார்கள்.

யுத்தம் முடிந்ததும் ஆட்டோமேட்டிக் கார்களுக்குக் கிராக்கி ஏறியது. ஊர் ஊராக வண்டிகள் ஓடின. ஓடுகிற வண்டிக்கு எண்ணெய் வேண்டுமே! கண்ட கண்ட எண்ணெயை ஊற்றினால் கம்பெனிக்கு அல்லவா கெட்ட பெயர்?

ஆகவே 1949-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு தரத்தை நிர்ணயித்தது. 'டைப்-ஏ' என்று பெயர் வைத்தது. எந்த எண்ணெய்க் கம்பெனியும் செய்யலாம். பரீட்சையில் தேற வேண்டும். தேறினால் ஒரு நம்பர் கொடுப்பார்கள். அந்த நம்பரை டப்பாவில் அச்சிட்டு விற்கலாம். 1957-ல் இதைச் சற்றே திருத்தி 'டைப்-ஏ, சபிக்ஸ்-ஏ' என்றார்கள். 1967-ல் வந்ததுதான் 'டெக்ஸ்ரான்'. இந்தப் பெயர் இன்றும் டப்பாக்களில் இருக்கிறது.

எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் போட்டதற்கும் காரணம் உண்டு. காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் ஒழுகினால், அது எஞ்சின் எண்ணெயா, கியர் எண்ணெயா? கறுப்பாக இருந்தால் எஞ்சின். சிவப்பாக இருந்தால் கியர். சாயத்துக்கு அவ்வளவுதான் வேலை. எண்ணெயின் குணத்துக்கும் சிவப்பு நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை!

கடலில் கிடைத்த மருந்து

டைப்-ஏ எண்ணெயிலும், முதலில் வந்த டெக்ஸ்ரானிலும் பிடியை மட்டுப்படுத்தச் சேர்த்த பொருள் எது தெரியுமா?

திமிங்கல எண்ணெய்!

ஆம். கடலில் நீந்திய திமிங்கலத்தின் எண்ணெய், நகரத்துச் சாலையில் ஓடிய காரின் கியர் பெட்டிக்குள் இருந்தது!

ஸ்பெர்ம் திமிங்கலம் என்று ஓர் இனம். ஆண் திமிங்கலம் 50 அடிக்கு மேல் நீளம் வளரும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தலை மட்டுமே. அந்தத் தலைக்குள்ளே குடம் குடமாக எண்ணெய். சரியாகச் சொன்னால் அது எண்ணெய் அல்ல. திரவமாக இருக்கும் ஒரு வகை மெழுகு. சூட்டைத் தாங்கும். உலோகத்தில் ஒட்டிக் கொள்ளும். தகடுகள் கூடும்போது 'வெடுக்' என்று இழுக்காமல் நயமாகச் சேர்த்து வைக்கும். காரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கியர் மாறியதே தெரியாது.

இந்த எண்ணெய்க்காகவும் வேறு பொருள்களுக்காகவும் திமிங்கலங்களைக் கொன்று குவித்தார்கள். இனமே அற்றுப் போகும் நிலை வந்தது. 1970-ல் அமெரிக்க அரசாங்கம் ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழியும் ஆபத்தில் உள்ள பிராணிகளின் பட்டியலில் சேர்த்தது. 1973-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. திமிங்கல எண்ணெய் வியாபாரம் நின்றது.

நல்ல காரியம்தான். ஆனால் எண்ணெய் செய்பவர்கள் திண்டாடிப் போனார்கள்! 1970-களின் தொடக்கத்தில் 'டெக்ஸ்ரான்-2' வந்தது. திமிங்கலம் இல்லாத எண்ணெய். அதில் முதலில் வந்த சரக்கு ஒரு புதுத் தொல்லையைக் கொண்டு வந்தது. கியர் எண்ணெயைக் குளிர வைக்க, ரேடியேட்டருக்குள்ளே ஒரு குளிர்ப்பான் உண்டு. அதன் பற்றவைத்த இடங்களை அந்த எண்ணெய் அரித்தது! அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்து மறுபடியும் செய்தார்கள்.

பாலைவனத்தில் வளரும் ஜோஜோபா என்ற புதரின் விதையிலிருந்தும் திமிங்கல எண்ணெய் போன்ற மெழுகு கிடைக்கும். திமிங்கலத்துக்குப் பதிலாக இது உதவுமா என்று ஆராய்ந்தார்கள். இன்றைக்கு வரும் கியர் எண்ணெய்களில் அந்த வேலையை ரசாயனப் பொருள்கள் செய்கின்றன. பழைய காருக்கு எண்ணெய் வாங்குகிறவர் திமிங்கலத்தை நினைத்து வருந்த வேண்டியதில்லை.

போர்டு போட்ட வேறு வழி

ஜெனரல் மோட்டார்ஸ் 'மெதுவாகப் பிடி' என்றது. போர்டு கம்பெனி 'சட்டென்று பிடி' என்றது.

தகடுகள் எவ்வளவு நேரம் வழுக்குகின்றனவோ, அவ்வளவுக்குச் சூடு உண்டாகும். சூடு ஏறினால் தகடு கெடும். ஆகவே சட்டென்று பிடித்துக் கொள்வதே தகட்டுக்கு நல்லது என்பது போர்டு என்ஜினீயர்களின் கட்சி. கியர் மாறும்போது ஒரு சிறு குலுக்கல் தெரியும். தெரிந்தால் என்ன, தெரியட்டுமே!

1960-களில் போர்டு தனக்கென்று தனி எண்ணெய் வகுத்தது. அது படிப்படியாக மாறி, 1967-ல் 'டைப்-எப்' ஆயிற்று. இதில் பிடியை மட்டுப்படுத்தும் பொருள் கிடையாது. மஸ்டாங் காரின் கியர் பெட்டிக்கு ஏற்றது இதுதான். போர்க்-வார்னர் கம்பெனியின் ஆட்டோமேட்டிக் பெட்டி பொருத்திய பிரிட்டிஷ் கார்கள் பலவும் இந்த வகை எண்ணெயையே கேட்டன. பழைய ஜாகுவார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டைப்-எப் எண்ணெயும் சிவப்பு. டெக்ஸ்ரானும் சிவப்பு. இரண்டையும் இரண்டு கிண்ணங்களில் ஊற்றி வைத்தால், பல காலம் இதே வேலையாக இருக்கும் மெக்கானிக்குக்கும் எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது!

இடம் மாறினால் என்ன ஆகும்? போர்டு பெட்டியில் டெக்ஸ்ரானை ஊற்றினால், சட்டென்று பிடிக்க வேண்டிய தகடுகள் வழுக்கி வழுக்கிப் பிடிக்கும், சூடு ஏறும். ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டியில் டைப்-எப் எண்ணெயை ஊற்றினால், மெல்லச் சேர வேண்டிய தகடுகள் 'தடக்' என்று கூடும், வண்டி குலுங்கும்.

ஆனால் போர்டு கார் என்றாலே டைப்-எப் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. போர்டின் 'சி-6' என்ற கியர் பெட்டி 1966-லிருந்து வந்தது. 1976 வரை அதற்கு டைப்-எப். 1977-லிருந்து அதே பெட்டிக்கு வேறு எண்ணெய்! வெளியே பார்த்தால் ஒரே பெட்டி. உள்ளே வேறு தகடு. அதேபோல 1950-களில் வந்த போர்டு கார்களின் புத்தகத்தைப் பிரித்தால், அதில் டைப்-ஏ என்றே எழுதியிருக்கும். அப்போது டைப்-எப் பிறக்கவே இல்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் காரோடு வந்த புத்தகத்தைப் பார்க்க வேண்டும். புத்தகம் தொலைந்து போயிருந்தால் அதே மாடலுக்குப் பழைய பிரதி கிடைக்கும். மறு அச்சும் கிடைக்கும். எண்ணெய் வாங்கும் முன் அதை வாங்குவது உத்தமம்.

புத்தகத்தில் 'டைப்-ஏ' அல்லது 'டைப்-ஏ, சபிக்ஸ்-ஏ' என்று இருக்கிறது; வண்டியோ ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி. அப்படியானால் டெக்ஸ்ரான் குடும்பத்து எண்ணெய் ஆகும். 1956 முதல் 1964 வரை பொத்தானை அமுக்கிக் கியர் மாற்றும் அழகான கிரைஸ்லர் வண்டிகள் வந்தனவே, அவற்றின் டார்க்பிளைட் பெட்டிக்கும் இதே குடும்பம்தான். 1950-களின் ரோல்ஸ்ராய்ஸ் கார்களும் இந்தக் கூட்டத்தில் சேரும். உலகத்தின் உயர்ந்த கார் என்று பெயர் எடுத்த அந்தக் கம்பெனி, கியர் பெட்டியைத் தானே புதிதாக வகுக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸிடம் லைசென்சு வாங்கி, ஹைட்ரா-மேட்டிக்கையே செய்து பொருத்தியது!

டெக்ஸ்ரான் குடும்பத்திலும் எது? 1993-ல் வந்த டெக்ஸ்ரான்-3 வகைக்கு ஜெனரல் மோட்டார்ஸ் லைசென்சு கொடுப்பதை 2006-ம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. என்றாலும் அதே மாதிரி எண்ணெயை வேறு பெயர்களில் பல கம்பெனிகள் விற்கின்றன. 2005-ல் வந்த டெக்ஸ்ரான்-6 அதைவிட நீர்த்தது. பழைய டெக்ஸ்ரானுக்குப் பதிலாக இதை ஊற்றலாம் என்றுதான் ஜெனரல் மோட்டார்ஸ் சொல்கிறது. ஆனால் 1950, 60-களின் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர்களில் பலர் சற்றுக் கெட்டியான டெக்ஸ்ரான்-3 வகையையே விரும்புகிறார்கள். தேய்ந்த பெட்டி, காய்ந்துபோன ரப்பர் வளையங்கள். நீர்த்த எண்ணெய் சந்து பொந்து கண்டு கசியும். இதில் மெக்கானிக்குகள் சொல்வதே நியாயமாகப் படுகிறது.

'எல்லாக் கார்களுக்கும் ஏற்றது' என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்ட டப்பாக்களும் உண்டு. டப்பாவைத் திருப்ப வேண்டும். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் 'டைப்-எப் தேவைப்படும் வண்டிக்கு ஆகாது' என்று இருந்தாலும் இருக்கும்!

புத்தகத்துக்கு மேலே ஒரு விஷயம் உண்டு. அந்தப் பெட்டியை இடையில் யாராவது பிரித்துப் புதுத் தகடு போட்டார்களா? 60 வயதுக் காரின் பெட்டி ஒருமுறையாவது பிரிக்கப்பட்டிருக்கக் கூடும். இக்காலத்துத் தகடு போட்டிருந்தால், அந்தத் தகட்டுக்கு ஏற்ற எண்ணெயே சரி. பிரித்துப் பூட்டிய மெக்கானிக்கைத்தான் கேட்க வேண்டும். ஆகையால் பழைய கார் வாங்கும்போது, விற்பவரிடம் ரிப்பேர் ரசீதுகளையும் கேட்டு வாங்கிக் கொள்வது நல்லது. அந்தக் கசங்கிய காகிதங்கள் புதுப் பெயிண்டைவிட மதிப்பு உள்ளவை.

மூக்கும் வெள்ளைத் துணியும்

மாற்றுவதற்கு முன் இப்போது உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். கார் சமதரையில் நிற்க வேண்டும். சற்று ஓட்டி, பெட்டி சூடாகியிருக்க வேண்டும். எஞ்சின் ஓடிக் கொண்டிருக்கும்போதே அளவுக் கோலை இழுத்துப் பார்க்க வேண்டும். (எஞ்சின் எண்ணெய் பார்ப்பதற்கு நேர் எதிர் இது! பெரும்பாலான பழைய ஆட்டோமேட்டிக் கார்களுக்கு இதுவே முறை.) கைப்பிரேக் போட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கியரை எந்த நிலையில் வைப்பது என்பதில் காருக்குக் கார் மாற்றம் உண்டு. அதையும் புத்தகம் சொல்லும்.

கோலில் உள்ள எண்ணெயை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். தெளிந்த சிவப்பு என்றால் நல்லது. காப்பிக் கஷாயம் போல் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் தகடு கருகுகிறது. ரோஸ் மில்க் போல வெளுத்துக் குழம்பியிருந்தால் இன்னும் மோசம்! ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்ப்பானில் ஓட்டை விழுந்து, எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த நிலையில் காரை ஓட்டவே கூடாது. நுரை நுரையாக இருந்தால் எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம்.

இன்னொரு சங்கதி. அடித்தட்டைக் கழற்றி எண்ணெயை வடித்தால் எல்லாம் வந்துவிடாது. டார்க் கன்வர்ட்டர் என்ற எண்ணெய்ச் சக்கரத்துக்குள் நிறையத் தங்கிவிடும். தவறான எண்ணெய் ஊற்றப்பட்ட காரில், ஒரு தடவை வடித்துவிட்டுச் சரியான எண்ணெயை ஊற்றினால் இரண்டும் கலந்துதான் இருக்கும். சில பழைய வண்டிகளில் டார்க் கன்வர்ட்டருக்கே வடிகட்டும் திருகு உண்டு. அது இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் வடித்து, ஊற்றி, ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும்.

4 நல்லதா, 5 நல்லதா?

கையால் கியர் போடும் பழைய கார்களிலும் இதே வம்பு உண்டு. அங்கே அது எண் வடிவத்தில் வருகிறது.

கியர் எண்ணெய் டப்பாவில் 'ஜி.எல்.-4' என்றும் 'ஜி.எல்.-5' என்றும் இருக்கும். 4-ஐவிட 5 உயர்ந்ததுதானே என்று யாருக்கும் தோன்றும். அப்படி அல்ல. 5 என்பது, பல்சக்கரங்கள் கடுமையாக உரசும் பின் அச்சுக்காக ஏற்பட்டது. அதில் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த மருந்துகள் அதிகம்.

கியர் பெட்டிக்குள்ளோ, கியர் கரகரக்காமல் விழுவதற்காகப் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. 1928-ல் காடிலாக் காருக்காக இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவரும் அதே ஏர்ல் தாம்ஸன்தான்! கந்தகம் சேர்ந்த அந்த மருந்து, எண்ணெய் சூடேறும்போது பித்தளையை அரிக்கக் கூடும். வளையம் தேய்ந்தால் கியர் போடும்போது 'கரகர' சத்தம் வரும். ஆகவே பித்தளை வளையம் உள்ள பழைய பெட்டிக்கு 5 வேண்டாம், 4 போதும்.

சில கார்களுக்கு அதுவும் வேண்டாம். யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இன்றும் கண்ணில் படும் மோரிஸ் மைனர் காரை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் கியர் பெட்டிக்குப் பழைய புத்தகம் சொல்லும் எண்ணெய், சாதாரண எஞ்சின் எண்ணெய்!

அந்தக் காரை வகுத்த அலெக் இஸிகோனிஸ், 1959-ல் 'மினி' என்ற குட்டிக் காரையும் வகுத்தார். இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கியர் பெட்டியை எஞ்சினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய். 1965-ல் மினிக்கு ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியும் வந்தது. அதற்கும் அதே எஞ்சின் எண்ணெய்தான்! சிவப்பு எண்ணெய்க்கு அந்தக் காரில் இடமே இல்லை. எஞ்சின் எண்ணெயை மாற்றினால், கியர் எண்ணெயும் மாற்றியாகிவிட்டது.